யாருடைய குத்து கனமானது? வாங்கியவர்களிடம் கேட்போம்

முன்னாள் கனரக (ஹெவிவெயிட்) உலகச் சம்பியன் ஜோர்ஜ் ஃபோர்மன் காலமான செய்தி 2025 மார்ச்சில் வந்த அன்று பின்னேரம், மட்டக்களப்பின் கல்லடியில் நாங்கள் வழமையாகக் கூடும் தேத்தண்ணிக் கடையில் வேறு பேச்சே இல்லை. குத்துச்சண்டை வரலாற்றிலேயே யாருடைய குத்து மிகக் கனமானது? தலை நரைத்தவர்கள் எல்லாரும் ஃபோர்மன் பக்கம். தொண்ணூறுகளில் ஜெனரேற்றர் வெளிச்சத்தில் வீடியோ கசற் போட்டுப் பார்த்து வளர்ந்த என் வயதுக்காரர்கள் மைக் டைசனை விட்டுக்கொடுக்கவில்லை. இளம் பொடியன்கள் டியோன்டே வைல்டர் என்றார்கள். முதல் 43 வெற்றிகளில் 42 நொக்அவுட், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார்கள். கடை பூட்டும்வரை பேசினோம். எழுபதுகளின் கனரக வீரர் ஏர்ணி ஷேவர்ஸின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. அன்றிரவு முழுக்க அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

வைல்டரின் எண்ணிக்கையை முதலில் பார்ப்போம், ஏனென்றால் இந்த விவாதத்தில் எல்லாரும் முதலில் தூக்கிப் பிடிப்பது எண்ணிக்கையைத்தான். ஒரு வீரனின் நொக்அவுட் வீதம் அவன் கையைப் பற்றி எவ்வளவு சொல்கிறதோ, அவனுக்கு எதிரே நிறுத்தப்பட்டவர்களைப் பற்றியும் அவ்வளவு சொல்கிறது. தொழில்முறைக் குத்துச்சண்டையில் வளரும் வீரனுக்கு ஆரம்பத்தில் தோற்கக்கூடிய ஆட்களைத்தான் தேடிப் பிடித்துக் கொடுப்பார்கள். அது எல்லாருக்கும் நடப்பது, வைல்டருக்கும் நடந்தது. ரொக்கி மார்சியானோ 49 சண்டையில் 43 பேரை வீழ்த்தினார். ஃபோர்மன் 76 வெற்றிகளில் 68. வர்ஜின் தீவுகளின் ஜூலியன் ஜாக்சன் 55-இல் 49. மூன்றையும் வீதமாகப் போட்டால் 88, 89, 89. இதை வைத்து யார் கனம் என்று எப்படிச் சொல்வது?

அப்படியென்றால் அளந்து பார்க்கலாமே என்று கேட்பீர்கள். அளந்திருக்கிறார்கள். அதற்கு முன்னர், குத்து எங்கேயிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

என் மாமா ஒருவர் வாவியில் வீச்சுவலை போடுபவர். வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது, கை குச்சி மாதிரி. ஒருநாள் அவருடைய வலையை வாங்கி நானும் வீசிப் பார்த்தேன். ஈயக்குண்டு கோத்த வலை ஒரு பொட்டலமாகத் தோணிக்குப் பக்கத்திலேயே தொபுக்கென்று விழுந்தது. மாமா வாங்கி வீசினார். வட்டமாக விரிந்து, விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொட்டது. "கையால வீசாத மருமகன், காலால வீசு" என்றார். திரும்பவும் அவர் வீசும்போது கையைப் பார்க்காமல் காலைப் பார்த்தேன். பின்காலின் பெருவிரல் தோணிப் பலகையை அழுத்துகிறது. முழங்கால் கொஞ்சம் நிமிர்கிறது. இடுப்பு திரும்புகிறது. தோள் அதன் பின்னால் வருகிறது. கை கடைசியில் சும்மா திறந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

குத்தும் அதேதான். எண்பதுகளில் வெளியான ஒரு சோவியத் ஆய்வு 120 குத்துச்சண்டை வீரர்களை எடுத்து, குத்தின் பலத்தில் கால், உடல், கை ஒவ்வொன்றின் பங்கும் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தது. முதல்தர வீரர்களிடம் கிட்டத்தட்ட 38 வீதம் காலிலிருந்து வந்தது, கையின் பங்கு 24 வீதம் மட்டுமே. புதிதாகப் பழகுபவர்களிடம் இது தலைகீழ்: கை 38 வீதம், கால் 17 வீதம்கூட இல்லை. அம்பாறைப் பக்கத்து ஊர்களில் சீனடி, சிலம்படி பழக்கும் மூத்தவர்கள் கம்பைக் கையில் தருவதற்கு முன்னர் காலடி வைக்கப் பழக்குவதன் காரணமும் இதுதான். புஜம் பெருத்தவனெல்லாம் கனமாகக் குத்துவான் என்று நினைப்பது இங்கேயே அடிபட்டுப் போகிறது. தோமஸ் ஹேர்ன்ஸைப் பாருங்கள். ஆறடிக்கு மேல் உயரம், எடை 70 கிலோ, கால் இரண்டும் கொக்குக் கால். அந்த உடம்பின் வலக்கைதான் 1984 ஜூன் 15-இல் ரொபர்ட்டோ டுரானை இரண்டாம் சுற்றில் முகம்குப்புறத் தள்ளியது. அதுவரைக்கும் டுரானை அப்படி ஒருவரும் வீழ்த்தியிருக்கவில்லை.

சரி, அளவைக்கு வருவோம். 1985-இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஓர் ஆய்வு வந்தது. அப்போது உலகத் தரவரிசையில் இருந்த கனரக வீரர் ஃபிராங்க் புரூனோவைக் கூட்டிவந்து, தொங்கவிட்ட ஓர் இலக்கில் முழுப்பலத்தோடு குத்தச் சொன்னார்கள். அவருடைய கையுறை அரை மீற்றர் தூரத்தை ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் கடந்து, செக்கனுக்கு 8.9 மீற்றர் வேகத்தில் மோதியது. பட்டதும் 14 மில்லிசெக்கனுக்குள் விசை 4,096 நியூட்டனைத் தொட்டது. எட்டு 50 கிலோ அரிசி மூட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் பாரம் அது. ஆறு கிலோ எடையுள்ள, மெத்தை சுற்றிய மரச் சம்மட்டியை மணிக்கு 32 கிலோமீற்றர் வேகத்தில் வீசினால் என்ன நடக்குமோ, அதுதான் அந்தக் குத்து என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இந்த எண்களில் எனக்கு முக்கியமாகப் படுவது வேகம் இல்லை. நல்ல வீரர்களின் முஷ்டி பெரும்பாலும் இந்த வேகத்தை ஒட்டித்தான் வரும். வேகத்துக்குப் பின்னால் எவ்வளவு உடம்பு வந்து சேர்கிறது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். படும் அந்தக் கணத்தில் மணிக்கட்டும் முழங்கையும் தோளும் ஒரே இரும்புக் கம்பியாக இறுகினால் முழு உடம்பும் முஷ்டியோடு சேர்ந்து மோதும். எங்காவது ஓர் இடத்தில் இளக்கம் இருந்தால் கை மட்டும்தான் மோதும். கனமான கை என்று பழைய ஆட்கள் சொல்வது இந்த இறுக்கத்தைத்தான் என்று நான் நினைக்கிறேன். பயிற்சியால் இது கொஞ்சம் வரும். மிச்சம் பிறக்கும்போதே வர வேண்டும்.

விசை மட்டும் ஆளை வீழ்த்திவிடாது. ஒரு தோணியை நடுவில் பிடித்துத் தள்ளுங்கள், பாரமாக மெதுவாக நகரும். அதே தோணியை முனையில் தொட்டுத் தள்ளுங்கள், சுண்டு விரல் பலத்துக்கே திரும்பிவிடும். தலைக்கு நாடிதான், அதாவது மோவாய்தான், அந்த முனை. நெற்றியில் விழும் குத்து தலையைப் பின்னால் தள்ளுகிறது. நாடியின் ஓரத்தில் விழும் கொக்கிக் குத்து தலையைச் சட்டென்று சுழற்றுகிறது. மண்டையோடு திரும்பிய வேகத்துக்கு உள்ளே நீரில் இருக்கும் மூளையால் திரும்ப முடியாமல் போகும்போது நினைவு தவறுகிறது. குத்து வருவதைக் கண்டவன் கழுத்தை இறுக்கிக்கொள்வான். காணாதவனின் தலை சுதந்திரமாகச் சுழலும். ஆகவே ஒரே 4,000 நியூட்டன் ஒருவனைக் கண் சிமிட்ட வைக்கும், இன்னொருவனைப் படுக்க வைக்கும். டைசனின் வெற்றிகளில் பாதிக்கு மேல் இந்தக் கணக்குத்தான் வேலை செய்தது என்பது என் எண்ணம். 1988-இல் மைக்கல் ஸ்பிங்ஸை 91 செக்கனில் முடித்தபோதும் சரி, அதற்கு முன்னர் இருபது வயதில் ட்ரெவர் பேர்பிக்கை வீழ்த்திப் பட்டம் எடுத்தபோதும் சரி, குத்து எங்கிருந்து புறப்பட்டது என்று எதிராளிக்குத் தெரியாது. வேகம், கோணம், அடுத்தடுத்து வரும் தொடர்ச்சி மூன்றிலும் அவருக்கு நிகர் குறைவு. ஒற்றைக் குத்தின் கனம் என்பது வேறு கேள்வி.

கையுறை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் விளையாட்டு என்றாலே வெபர் மைதானம் நினைவுக்கு வரும். அந்தப் பெயருக்குரிய வெபர் அடிகளார் அமெரிக்காவின் நியூ ஓர்லீன்ஸ் நகரத்து இயேசுசபைத் துறவி. புனித மிக்கேல் கல்லூரியில் எத்தனை தலைமுறைப் பொடியன்களை மைதானத்துக்கு இழுத்துவந்தார் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். அவர் பிறந்த அதே நகரத்தில்தான் 1892 செப்டெம்பர் 7-இல் ஜோன் எல். சலிவனும் ஜேம்ஸ் கோர்பெட்டும் கையுறை போட்டுக் கனரகப் பட்டத்துக்கு மோதினார்கள். வெறுங்கைச் சண்டையின் பெரிய பெயரான சலிவன் 21-ஆம் சுற்றில் விழுந்தார். கையுறை வந்ததால் குத்து மென்மையாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். மெத்தை முதலில் காப்பாற்றுவது குத்துபவனின் கையைத்தான். வெறுங்கையால் மண்டையில் முழுப்பலத்தோடு குத்தினால் விரல் எலும்பு நொறுங்கும் என்ற பயம் இருந்தது. கையுறை அந்தப் பயத்தைக் குறைத்தது. தலையைக் குறிவைத்து உடம்பு முழுவதையும் போட்டுக் குத்தும் பழக்கம் அதன் பிறகுதான் பெருகியது. கையுறையோடுகூடச் சில கைகள் தாங்குவதில்லை. 1985 ஏப்ரல் 15-இல் மார்வின் ஹக்லரின் தலையில் குத்திய குத்தில், முதல் சுற்றிலேயே ஹேர்ன்ஸின் வலக்கை முறிந்தது. ஹக்லர் நின்றார், மூன்றாம் சுற்றில் ஹேர்ன்ஸ்தான் விழுந்தார்.

ஆக, ஃபோர்மனையும் ஷேவர்ஸையும் ஜோ லூயிஸையும் ஒரே இலக்கில் குத்தவைத்து ஒருவரும் அளக்கவில்லை. இனி அளக்கவும் முடியாது. 'த ரிங்' சஞ்சிகை 2003-இல் எல்லாக் காலத்துக்குமான சிறந்த குத்துக்காரர் நூறு பேரை வரிசைப்படுத்தியபோது லூயிஸை முதலிடத்தில் வைத்தது. மூன்றாமிடத்தில் வைத்தது ஜிம்மி வைல்டை. 50 கிலோகூட இல்லாத வேல்ஸ் நாட்டுக்காரர் அவர். ஃபோர்மன் ஒன்பதாவது, ஷேவர்ஸ் பத்தாவது. எடையைக் கழித்துவிட்டு, திறமையையும் சாதனையையும் கூட்டிப் போட்ட வரிசை அது. லூயிஸின் இடத்தில் எனக்கு மறுப்பில்லை. 1938 ஜூன் 22-இல் மக்ஸ் ஷ்மெலிங்கை 124 செக்கனில் முடித்தார். அவருடைய ஒரு குத்தில் ஷ்மெலிங்கின் முதுகெலும்பு முள் ஒன்று முறிந்தது. அதுவும் பெரிய வீச்சு ஒன்றுமில்லை, ஒரு சாண், இரண்டு சாண் தூரத்தில் எடுத்த குத்துகள். (அதே 1938-இல்தான் நம் பார்னி ஹென்றிகஸ் சிட்னியில் பேரரசு விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்குக் குத்துச்சண்டைத் தங்கம் கொண்டுவந்தார். இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆளில்லை.)

எடைகுறைந்தவர்களை மறந்துவிடுவது இந்த விவாதத்தின் பெரிய குறை. இன்று ஜப்பானின் நவோயா இனோவே இருக்கிறார், 2018-இல் ஹுவான் கார்லோஸ் பயானோவை 70 செக்கனில் சாய்த்தவர். ஆனால் என்னிடம் ஒரேயொரு காட்சியைக் காட்டு என்றால் நான் காட்டுவது ஜூலியன் ஜாக்சனைத்தான். 1990 நவம்பர், ஸ்பெயின். எதிரே ஹெரோல் கிரஹம், தொட முடியாத மனிதன். மூன்று சுற்றும் ஜாக்சனை வைத்து விளையாடினார். ஜாக்சனின் ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. இன்னும் ஒரு சுற்றுத்தான் தரலாம் என்ற நிலை. நான்காம் சுற்றில் ஜாக்சன் கயிற்றுப் பக்கம் தள்ளப்படுகிறார், கிரஹம் முடித்துவிடலாம் என்று உள்ளே வருகிறார். வலக்கை ஒன்று புறப்படுகிறது. கிரஹமின் கண் அந்த இடத்திலேயே அணைந்துவிட்டது. விழுந்தது அதன் பிறகு. ஒளிப்பதிவை மெதுவாக ஓட்டினால் தெரியும், நினைவில்லாத ஓர் உடம்பு தரையை நோக்கிப் போகிறது, கைகள் தடுக்கக்கூட நீளவில்லை. குத்தின் கனத்தோடு கிரஹம் முன்னால் வந்த வேகமும் சேர்ந்தது. இரண்டு வாகனம் நேருக்கு நேர் மோதினமாதிரி.

இனிப் பெரிய பெயர்கள். வைல்டரை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2018-இல் ஏறக்குறைய 96 கிலோ எடையோடு, 116 கிலோ டைசன் ஃபியூரியை இரண்டு முறை தரையில் போட்டார், 2021-இல் மறுபடியும் இரண்டு முறை. லூயிஸ் ஓர்ட்டிஸோடு 2019-இல் புள்ளியில் பின்தங்கி நின்று, ஏழாம் சுற்றில் ஒரே குத்தில் எல்லாவற்றையும் மாற்றினார். வலக்கை மட்டும்தான் அவரிடம் இருக்கிறது, அந்த வலக்கை உண்மையானது. ஆனாலும் ஃபியூரி நான்கு முறையும் எழுந்தார்.

ஃபோர்மன் வேறு வகை. 1973 ஜனவரி 22, ஜமெய்க்காவின் கிங்ஸ்டன். அதுவரை தோல்வியே காணாத, அலியையே வென்ற ஜோ ஃபிரேசியரை இரண்டு சுற்றுக்குள் ஆறு முறை வீழ்த்தினார். ஒரு குத்தில் ஃபிரேசியரின் பாதம் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பியது. ஃபோர்மனின் குத்தில் மின்னல் கிடையாது. நெல் மூட்டையைத் தோளிலிருந்து களவெட்டியில் போடுவதுபோல வரும். தடுத்தால் தடுத்த கையோடு சேர்த்துத் தள்ளும். கனடாவின் ஜோர்ஜ் சுவாலோ தன் வாழ்நாளின் 93 சண்டையில் ஒரு முறையும் தரையில் விழாதவர். 1970-இல் ஃபோர்மனோடு மோதியபோதும் விழவில்லை, மூன்றாம் சுற்றில் நடுவர் வந்து நிறுத்தவேண்டியதாயிற்று. அப்புறம் 1994 நவம்பர் 5. ஃபோர்மனுக்கு 45 வயது. இருபது வருடத்துக்கு முன்னர் கின்ஷாசாவில் அலியிடம் தோற்ற இரவில் போட்டிருந்த அதே காற்சட்டை. 26 வயது மைக்கல் மூரர் ஒன்பது சுற்றும் அவரைப் புள்ளியில் முந்திக்கொண்டிருந்தார். பத்தாம் சுற்றில் ஒரு குறுகிய வலக்கை, மூரர் மல்லாந்து கிடந்தார். வயதானால் முதலில் கால் போகும், பிறகு கண் போகும், கை கடைசியில்தான் போகும் என்று குத்துச்சண்டைக்காரர் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கடையில் நரைத்த தலைகள் ஃபோர்மன் பக்கம் நின்றதில் எனக்கு வியப்பில்லை.

ஆனால் நான் நம்புவது வேறு சாட்சிகளை. பல பேருடைய குத்தையும் தன் உடம்பில் வாங்கிய ஒருவன், இன்னாருடையதுதான் கனம் என்று சொன்னால், அந்தச் சொல்லுக்கு மேல் எனக்கு எண் வேண்டாம், ஒளிப்பதிவும் வேண்டாம். அப்படிப்பட்டவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன பெயர் ஏர்ணி ஷேவர்ஸ்.

லரி ஹோம்ஸ் 1979-இல் ஷேவர்ஸோடும் 1988-இல் டைசனோடும் மோதியவர். டைசன் அவரை நான்காம் சுற்றில் நொக்அவுட் செய்தார், ஷேவர்ஸை ஹோம்ஸ்தான் வென்றார். அப்படியிருந்தும், டைசனையும் சேர்த்து வேறெவரையும்விட ஷேவர்ஸே தன்னைக் கனமாக அடித்தவர் என்று சொன்னார். ஜேம்ஸ் டிலிஸ் இருவரோடும் பத்துப் பத்துச் சுற்று நின்றவர். ஷேவர்ஸின் குத்து விழுந்தபோது சாக்ஸபோன் சத்தம் கேட்டதாகவும், சுருட்டுப் பிடிக்கும் நீல நிற எலிகளைக் கண்டதாகவும் சொன்னார். முகமது அலி இன்னும் பெரிய சாட்சி. சொனி லிஸ்டன், ஃபிரேசியர், கென் நோர்ட்டன், ஃபோர்மன் என்று ஒருவர் விடாமல் வாங்கிய உடம்பு அது. ஷேவர்ஸ் அடித்த அடி ஆப்பிரிக்காவில் இருக்கும் என் சொந்தக்காரர்களையே உலுக்கிவிட்டது என்றவர் அவர்.

ஹோம்ஸ் – ஷேவர்ஸ் சண்டையின் ஏழாம் சுற்றை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு பதைக்கும். ஷேவர்ஸுக்கு வயது 35. அதுவரை ஹோம்ஸ்தான் எல்லாச் சுற்றையும் எடுத்துக்கொண்டிருந்தார். மேலிருந்து ஒரு வலக்கை வந்து தாடையில் விழுந்தது. ஹோம்ஸ் முதுகு அடிபட மல்லாந்து விழுந்தார். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த கனரக வீரர், 29 வயது, வெட்டிய வாழைபோலக் கிடந்தார். எப்படி எழுந்தார் என்பது இன்றைக்கும் புரியவில்லை. எழுந்து, சமாளித்து, பதினோராம் சுற்றில் வென்றார்.

ஷேவர்ஸ் ஏன் உலகப் பட்டம் எடுக்கவில்லை என்று கேட்டால், எடுக்க முடியாததற்குக் காரணங்கள் இருந்தன. ஏழெட்டுச் சுற்று தாண்டினால் மூச்சு வாங்கும். தாடை உறுதியில்லை, 1973-இல் ஜெரி குவரியிடம் முதல் சுற்றிலேயே விழுந்தார். ஆனால் நம் கேள்வி யார் சிறந்த வீரர் என்பதல்ல. பட்டம் வாங்கியவர்களுக்குள் மட்டும் தேடுவதால்தான் இந்தப் பெயர் கடைப் பேச்சில் விடுபட்டுப் போகிறது. 1979 மார்ச்சில் கென் நோர்ட்டனை, அதாவது அலியின் தாடையை உடைத்த அதே நோர்ட்டனை, முதல் சுற்றில் முடித்தவர் இவர்.

ஃபோர்மன் ஆட்கள் இதற்கு ஒரு நல்ல பதில் வைத்திருக்கிறார்கள். கின்ஷாசாவில் அலி கயிற்றில் சாய்ந்து, கைகளால் மூடிக்கொண்டு வாங்கினார். ஷேவர்ஸிடம் நடுத்தாடையில் வாங்கினார். இரண்டையும் ஒப்பிடலாமா? நியாயமான கேள்வி. ஹோம்ஸையும் டைசன் அடித்தபோது அவருக்கு 38 வயது, அந்த அடி அவருக்குச் சரியாக நினைவிருக்குமா என்றும் கேட்கலாம். இருந்தாலும் ஒரே பெயர் மூன்று வெவ்வேறு வாயிலிருந்து வரும்போது நான் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். ஒற்றைக் குத்து, வெறும் கனம் என்றால் ஷேவர்ஸ். ஃபோர்மன் ஒரு மயிரிழை பின்னால்.

போன கிழமை இதையெல்லாம் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக அலியின் கதையைச் சொன்னேன். அலி ஷேவர்ஸ் சண்டை நடந்தது 1977 செப்டெம்பர் 29, நியூயோர்க் மடிசன் ஸ்கொயர் கார்டன். இரண்டாம் சுற்றிலேயே ஷேவர்ஸின் வலக்கை அலியின் காலைத் தள்ளாட வைத்தது. அலி உடனே கண்ணை உருட்டி, வாயைப் பிளந்து, வேண்டுமென்றே ஆடுவதுபோல ஆடிக் காட்டினார். ஷேவர்ஸ் அதை நடிப்பு என்று நம்பி ஒரு கணம் தயங்கினார். உண்மையாகவே அலிக்கு அப்போது கால் நிலைகொள்ளவில்லை. அந்த ஒரு கணம் போதும், தப்பித்து 15 சுற்றும் நின்று புள்ளியில் வென்றார்.

"அவ்வளவு அடிச்சும் அலி விழவே இல்லியா மருமகன்?" என்று மாமா கேட்டார்.

விழவில்லை. அந்தச் சண்டைக்குப் பிறகு அலியின் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டு வருவதைக் காட்டும் மருத்துவ அறிக்கையை அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ பார்த்தார். இனிமேல் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். ஒருவரும் கேட்கவில்லை, பச்சேகோ அணியை விட்டு விலகினார். அலி அதற்குப் பிறகும் நான்கு முறை மேடை ஏறினார்.